கருவாட்டில் பூக்கும் றோஸ் நிறமும் ஆர்க்கியா இலிப்பிட்டும்

மாரி தொடங்கி வெயில் மங்கினால் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை, கல்குடாப் பக்கத்துக் கருவாட்டு வாடிகளில் ஒரு தொல்லை தலைகாட்டும். உப்பிட்டு அடுக்கிய கட்டாக் கருவாட்டின் மேல் றோஸ் நிறத்தில் ஒரு வழுவழுப்பு பூக்கும். யாவாரி விலையைக் குறைத்துவிடுவார். பலர் அதைப் பூஞ்சணம் என்றே சொல்வார்கள். பூஞ்சணமும் இல்லை, பெரும்பாலும் பற்றீரியாவும் இல்லை. உப்பை விரும்பும் ஆர்க்கியா அது, பற்றீரியாபோல் தெரிந்தாலும் தனிக் கூட்டமான நுண்ணுயிர்: ஹலோபக்டீரியம், ஹலோகொக்கஸ் வகையறா. கடல்நீரை வெயிலில் வற்றவைத்து எடுக்கும் கல்லுப்போடுதான் வந்து சேர்கிறது. ஆனையிறவு உப்பென்றாலும் புத்தளத்து உப்பென்றாலும் படிகத்துக்குள் அடைபட்ட சிறு உப்புநீர்த் துளிகளில் உயிரோடு கிடக்கும். மீனின் ஈரமும் புரதமும் கிடைத்ததும் பெருகும்.

தின்னலாமா என்று கேட்பவர்களுக்கு: அது மீனின் புரதத்தை உடைக்கிறது, மணமும் தசையும் கெடுகின்றன. கெட்ட மீனில் ஹிஸ்ரமின் சேர்ந்திருந்தால் கொதிக்கவைத்தாலும் போகாது. மணம் மாறிய கருவாட்டைக் கழுவிக் காயவைத்து ஏமாற்றுவதைவிட வீசிவிடுவது நல்லது. வராமல் தடுக்க நல்ல வழி, சீக்கிரமாகவும் முழுசாகவும் காயவைப்பது.

அந்த வழுவழுப்பில் கொஞ்சத்தை ஊசியால் எடுத்து, கண்ணாடித் தட்டில் 25 சதவீத உப்புக்கரைசலில் விட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கோல் வடிவக் கலங்கள் ஓடித் திரியும். பக்கத்தில் ஒரு துளி வடிநீரை விட்டால், நீர் போய்ச் சேர்ந்த இடத்தில் கலங்கள் முதலில் உருண்டையாகி அடுத்த கணம் காணாமல் போகும். அவற்றின் வெளிச்சுவர் கிளைக்கோபுரதத் தகடு. உப்பு இருந்தால்தான் அது ஒட்டிநிற்கும். ஹலோகொக்கஸ் மட்டும் வெடிக்காது, அதற்குத் தடித்த சுவர் உண்டு. நுணுக்குக்காட்டியை விட வேறெதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, பின்னால் உப்பைக் குறையவிடாமல் வேலை செய்ய எவ்வளவு மினக்கெட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

கலம் வெடித்தாலும் மென்சவ்வின் இலிப்பிட்டு, அதாவது கொழுப்பு, அழிவதில்லை. அதன் கட்டமைப்பும் பயனும், அதைப் பிரித்தெடுக்கும் முறையும்தான் இங்கே பொருள்.

எங்கள் கலமென்சவ்வில் கொழுப்பமிலச் சங்கிலிகள் எசுத்தர் பிணைப்பால் கிளிசரோலில் கோக்கப்பட்டிருக்கும். பற்றீரியாவிலும் பொதுவாக அப்படியே. ஆர்க்கியாவில் கொழுப்பமிலம் இல்லை. 20 காபன் கொண்ட பைற்றனைல் சங்கிலி இருக்கிறது. நாலு காபனுக்கு ஒருமுறை ஒரு மெதைல் கிளை. பிணைப்பு ஈதர். போதாததற்கு கிளிசரோலும் திரும்பி நிற்கிறது: எங்களிடம் பொசுபேற்று 3ஆம் காபனில், அவற்றில் 1ஆம் காபனில், ஒன்றுக்கொன்று ஆடிவிம்பம். இப்படி இரண்டு பைற்றனைல் சங்கிலி கொண்ட அடிப்படை மூலக்கூறுதான் ஆர்க்கியோல். இரண்டு ஆர்க்கியோல்களை வாலோடு வால் பொருத்தியது கால்டார்க்கியோல்: 40 காபன் சங்கிலிகள் இரண்டு, இரு முனையிலும் கிளிசரோல். மென்சவ்வின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை ஒரே மூலக்கூறாக ஊடுருவி நிற்கும். வெப்பம் கூடினால் சில இனங்கள் அந்தச் சங்கிலிக்குள் ஐந்து காபன்களாலான வளையங்களைச் சேர்த்து நெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும்; ஒரு மூலக்கூறில் 8 வளையம் வரை போகும்.

கனடாவில் மொரிஸ் கேட்ஸ் குழுவினர் 1960களிலேயே ஹலோபக்டீரியத்தின் ஈதர் இலிப்பிட்டைப் பிரித்து எழுதிவிட்டார்கள். கார்ல் வோசும் ஜோர்ஜ் ஃபொக்சும் இவற்றைத் தனிக் கூட்டமாகப் பிரித்தது 1977இல். அந்த உயிரியின் விசித்திரம் ஆர்.என்.ஏ.யில் தெரியவருமுன்னரே கொழுப்பில் தெரிந்திருந்தது என்பது பாடக் குறிப்புகளில் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

இந்தக் கட்டமைப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பயன் உண்டு. எசுத்தரை வெட்டும் காரமும் நொதியங்களும் ஈதரை இலகுவில் தொடுவதில்லை. ஆகவே இரைப்பை, குடல் வழியாக மருந்தைக் கொண்டுபோகும் புடகங்களில் (இலிப்பிட்டுப் படலத்தாலான நுண்ணிய பைகளில்) கால்டார்க்கியோல்போல் நாலு ஈதர் கொண்ட இலிப்பிட்டைச் சிறிதளவு கலந்து பார்க்கிறார்கள். வாயால் கொடுத்தால் உறிஞ்சப்படாத வன்கோமைசினை இப்படிச் சுமந்துசென்று விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். சங்கிலியில் இரட்டைப்பிணைப்பு இல்லாதபடியால் காற்றில் ஒட்சியேறாது, எண்ணெய் சிக்கெடுப்பதுபோல் சிக்கெடுக்காது. மெதைல் கிளைகள் சங்கிலிகளை ஒழுங்காக அடுக்கவிடாததால் குளிரிலும் உறையாது. ஆனாலும் புரோத்தன் கசிவு குறைவு. ஒரேநேரத்தில் இளகியும் இறுகியும் இருக்கும் இந்தக் குணம்தான் ஒற்றை அயன் வாய்க்கால்களை (மென்சவ்வில் அயன்கள் கடக்கும் துளைகளை) அளப்பவர்களுக்குப் பிடித்தது.

அவர்கள் உபயோகிப்பது அசல் ஆர்க்கியா இலிப்பிட்டு அல்ல, அதைப் பார்த்துச் செய்த டைபைற்றனோயில் பொசுபற்றிடைல்கோலின். சங்கிலி பைற்றனைல், பிணைப்பு எசுத்தர், கிளிசரோல் எங்கள் பக்கம். நனோத்துளை ஆய்வுகளில் ஒரு சின்னத் துவாரத்தின் குறுக்கே விரிக்கும் மென்படலத்துக்கு அநேகமாக இதைத்தான் எடுப்பார்கள். அவுஸ்திரேலியாவில் கோர்னல் குழு 1997இல் வெளியிட்ட அயன் வாய்க்கால் உயிர் உணரியிலும் படலத்தைப் பொன் மின்வாயில் நங்கூரமிட, ஆர்க்கியாவைப் பின்பற்றிய ஊடுருவு இலிப்பிட்டுகள் இருந்தன. காரத்தில் வேலை இருந்தால் அந்தக் கோலினின் ஈதர் வடிவத்தை வாங்குங்கள். எசுத்தர் வடிவம் மெதுவாக உடையும்.

தடுப்பூசிப் பக்கம் கனடாத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஸ்ப்ரொட், கிருஷ்ணன் குழுவினர் நெடுங்காலம் வேலை செய்தார்கள். ஆர்க்கியா இலிப்பிட்டில் செய்த புடகத்துக்கு ஆர்க்கியோசோம் என்று பெயர். அதற்குள் ஒரு புரதத்தை அடைத்துக் கொடுத்தால் எலியில் பிறபொருளெதிரியும், கலத்தைக் கொல்லும் ரீ கலங்களும், நீடித்த நினைவும் கிடைக்கின்றன. பிறகு இனத்துக்கு இனம் மாறும் கலவையை விட்டு, சல்பேற்றிட்ட லக்டோசைல் ஆர்க்கியோல் என்ற ஒரே மூலக்கூறுக்குப் போனார்கள். தொகுதிக்குத் தொகுதி ஒரே பொருள் கிடைக்கும் என்பதே காரணம். என் கணிப்பில் அதுதான் இந்தத் துறையின் மிக முதிர்ந்த முடிவு. அதே முடிவில் ஒரு கத்தியும் இருக்கிறது: நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பும் பொருளையே தினமும் கொடுக்கும் மருந்துக்கு உறையாக்கலாமா? இரண்டு பயனையும் ஒரே பந்தியில் புகழும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

சரி, எதிலிருந்து எடுப்பது?

நாலு ஈதர் என்றதும் எல்லோரும் சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவைத்தான் சொல்வார்கள். அது 75 முதல் 80 பாகை செல்சியசிலும் பிஎச் 2–3இலும் வளரும். அம்பாறை மாவட்டத்து மகாஓயா வெந்நீரூற்றுக்குப் போய்ப் போத்தலில் அள்ளிவந்தால் கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்த நீர் 50 பாகைக்குச் சற்று மேல், அமிலமும் இல்லை. எரிமலை ஊற்று அல்லவே. நாலு ஈதர் எங்கள் பக்கத்தில் இல்லாமலும் இல்லை. வட்டையில் பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டிய பின் சேற்றிலிருந்து குமிழி விடும் மெதேன் ஆர்க்கியாக்களிடம் ஆர்க்கியோலும் கால்டார்க்கியோலும் இரண்டும் உண்டு. எருமைச் சாணத்திலும் ஆர்க்கியோல் கிடைக்கும். மாட்டின் மெதேனை மதிப்பிட அதைச் சாணத்தில் அளந்து பார்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன, தயிருக்குப் பேர்போன ஊருக்குப் பொருத்தமான ஆய்வு அது. ஆனால் மண்ணிலும் சாணத்திலும் கிடைப்பது அளக்கத்தான் போதும், புடகம் செய்யப் போதாது. மெதேன் ஆர்க்கியாவை வளர்க்கவோ ஒட்சிசன் துளியும் ஆகாது.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் தொடங்குபவர் உப்பு ஆர்க்கியாவில் தொடங்குவதே புத்தி. காற்றில் வளரும், 37–40 பாகை போதும், நோய் தராது, 25 சதவீத உப்பில் வேறெதுவும் இலகுவில் தொற்றாது. கிடைப்பது ஆர்க்கியோல் வகை இரண்டு ஈதர் இலிப்பிட்டு மட்டுமே என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊடகம் ஒரு லீற்றருக்கு: சோடியம் குளோரைட்டு 250 கிராம், ஏழு நீர்கொண்ட மகனீசியம் சல்பேற்று 20 கிராம், சோடியம் சித்திரேற்று 3 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 2 கிராம், பெப்ரோன் (பாதி செரித்த புரதத் தூள்) 10 கிராம், பிஎச் 7.2 அளவில். உப்பே நிறைய இடம் பிடிக்கும். 800 மில்லிலீற்றர் நீரில் கரைத்துப் பிறகு ஒரு லீற்றராக்குங்கள். ஒரு லீற்றர் நீரில் 250 கிராமைக் கொட்டினால் செறிவு குறைந்துவிடும். கடைத் தூளுப்பில் அயடினும் கட்டிபடாமலிருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அயடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து வடித்து ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கலனில்) வையுங்கள்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது பெப்ரோன். சில உற்பத்தியாளரின் பெப்ரோனில் பித்த அமிலம் எச்சமாக இருக்கும். அது உப்பு ஆர்க்கியாவைக் கரைத்துவிடும். உப்பு சரி, வெப்பம் சரி, விதைத்ததும் சரி, ஆனால் குடுவை தெளிந்தே நிற்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெப்ரோனைத்தான். இந்த வேலைக்கு ஒக்சொயிட் பெப்ரோனைத்தான் பழைய செய்முறைகள் பேர் சொல்லிக் கேட்கும். கிடைக்காவிட்டால் மதுவச் சாற்றையும் காசமினோ அமிலத்தையும் வைத்துச் சமாளிக்கலாம்.

கருவாட்டிலிருந்து பிரிக்க, றோஸ் பகுதியைச் சுரண்டி 5 கிராம் எடுத்து 45 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய 25 சதவீத உப்புக்கரைசலில் கலக்குங்கள். பத்தில் ஒன்றாக ஐதாக்கும் ஒவ்வொரு படியிலும் அதே உப்புக்கரைசல்தான். பழக்கதோசத்தில் வடிநீரை எடுத்தால் அங்கேயே எல்லாம் வெடித்துத் தீர்ந்துவிடும். லீற்றருக்கு 15 கிராம் ஏகார் சேர்த்த தட்டில் 0.1 மில்லிலீற்றர் பரப்பி, பிளாஸ்ரிக் பையில் ஈரத் தாளோடு கட்டி 40 பாகையில் வையுங்கள். ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். பையில் கட்டாத தட்டு அதற்குள் உப்புப் படிகமாகிவிடும். மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் அம்பிசிலின் சேர்க்கலாம்: ஆர்க்கியாவுக்குப் பற்றீரியாவின் பெப்ரிடோகிளைக்கன் சுவர் இல்லை, அது அசையாது. உப்பில் வளரும் பற்றீரியா சிலவற்றை இது தட்டிவிடும். எல்லாவற்றையும் அல்ல.

பெருக்கும்போது ஒரு லீற்றர்க் குடுவையில் 200 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டாம். செறிந்த உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். நிறைய ஊற்றினால் குலுக்கினாலும் வளர்ச்சி மந்தமாகும். நாலைந்து நாளில் சிவந்த, அடர்ந்த வளர்ப்பு கிடைக்க வேண்டும்.

கலங்களை அடியில் படியவைப்பது அடுத்த சிக்கல். ஊடகத்தின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.2, ஆகவே 8,000 முதல் 10,000 ஜி வேகத்தில் 30 நிமிடமாவது சுழற்ற வேண்டும். சில இனங்கள் கலத்துக்குள் வாயுப் புடகம் வைத்திருக்கும். அவை படியாமல் மேலே பாலாடைபோல் மிதக்கும். அப்படியா என்று பார்க்க ஒரு ஊசிக்குழாயில் கொஞ்சம் எடுத்து முனையை விரலால் அடைத்துப் பலமாக அழுத்துங்கள்: வாயுப் புடகம் நொறுங்கி, வெளுத்த கலங்கல் சட்டென்று தெளிந்து சிவப்பாகும். வாயுப் புடகம் இல்லாத இனத்தைத் தெரிவுசெய்வதே நெடுங்காலத்துக்கு உகந்தது. கழுவுவது பெப்ரோன் இல்லாத அதே உப்புக்கரைசலால். வேலை முடிந்த கையோடு சென்ரிபியூஜ் றோட்டரை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடையுங்கள்; அலுமினிய றோட்டரில் உப்புநீர் ஒரு இரவு கிடந்தால் குழி விழும். குழி விழுந்த றோட்டரை அதிவேகத்தில் சுழற்றுவது ஆபத்து.

பிரித்தெடுப்பு, பிளை–டயர் 1959இல் எழுதிய முறைதான். கலப்படிவை 4 மோலர் உப்புக்கரைசலில் கலக்கி 8 மில்லிலீற்றராக்குங்கள். மெதனோல் 20, பிறகு குளோரோபோம் 10 மில்லிலீற்றர். எல்லாம் ஒரே படையாக நிற்க வேண்டும். நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க விடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது இலிப்பிட்டு அல்ல, மெதனோலில் கரையாத உப்பும் புரதமும். சுழற்றி மேல்திரவத்தை எடுத்து, எச்சத்தை இன்னொருமுறை அதே விகிதத்தில் பிழிந்து எடுங்கள். ஒவ்வொரு 38 மில்லிலீற்றர் சாற்றுக்கும் குளோரோபோம் 10, நீர் 10 சேர்த்தால் இரண்டு படையாகும். இந்த இடத்தில் வெறும் நீர்தான், உப்புநீர் அல்ல. மிச்ச உப்பு மேல்படைக்குப் போக வேண்டும். கீழ்ப்படை சிவப்பாக இருக்கும், அதை எடுங்கள். நடுவில் புரதத் தோல் கட்டினால் அதைத் தொடாமல் விட்டு மறுபடி சுழற்றுங்கள்.

நாலு ஈதர் ஆர்க்கியாக்களுக்கு எழுதிய சில செய்முறைகளில் நீருக்குப் பதில் 5 சதவீத டிரைகுளோரோஅசற்றிக் அமிலம் இருக்கும். அங்கே அது பலமடங்கு கூடுதலாக எடுத்துத் தரும். உப்பு ஆர்க்கியாவுக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். இதன் சல்பேற்றுக் கிளைக்கோஇலிப்பிட்டு அமிலத்தில் சல்பேற்றை இழந்துவிடும்.

சாற்றை நைதரசனில் உலர்த்தி, அரை மில்லிலீற்றர் குளோரோபோமில் கரைத்து, குளிர்ந்த அசற்றோன் 10 மில்லிலீற்றர் ஊற்றி மறை 20 பாகையில் இரவு முழுக்க வையுங்கள். பக்டீரியோரூபரின் என்ற சிவப்பு நிறப்பொருளும் ஸ்குவலீனும் அசற்றோனில் நிற்கும். முனைவுள்ள இலிப்பிட்டு அடியில் படியும். அசற்றோன் நிறமில்லாமல் வரும்வரை திருப்பிச் செய்யுங்கள். சிவப்பு அசற்றோனைக் கொட்ட வேண்டாம், 50 காபன் கொண்ட அந்த நிறப்பொருளுக்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். எல்லாமே கண்ணாடிக் குழாயில், டெஃப்லொன் மூடியில். பொலிஸ்ரைரீன் குழாயைக் குளோரோபோம் கரைத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பொலிபுரொப்பிலீன் கரையாமலே தன்னில் சேர்த்த பொருட்களைக் கசியவிட்டு டிஎல்சி (மென்படை நிறப்பகுப்பு) தட்டில் பொய்ப் புள்ளி காட்டும் என்பது தெரியாது.

டிஎல்சி ஓட்ட குளோரோபோம், மெதனோல், 90 சதவீத அசற்றிக் அமிலம் 65:4:35. மொலிப்டினம் நீலம் பொசுபோஇலிப்பிட்டைக் காட்டும், ஓர்சினோல்–சல்பூரிக் அமிலம் வெல்லம் உள்ளதைக் காட்டும். கனத்த புள்ளி பெரும்பாலும் பொசுபற்றிடைல்கிளிசரோபொசுபேற்று மெதைல் எசுத்தர். பெயரில் எசுத்தர் வந்தாலும் அது பொசுபேற்றுத் தலையில். சங்கிலி ஈதரில்தான் நிற்கிறது.

கையிலிருப்பது உண்மையில் ஆர்க்கியாவுடையதா என்ற சோதனையை விடக்கூடாது. கருவாட்டிலும் உப்பிலும் சாலினிபக்டர் போன்ற சிவப்புப் பற்றீரியாவும் இருக்கலாம். குடுவையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாதிரியில் கொஞ்சத்தையும், பக்கத்தில் முட்டை மஞ்சட்கரு லெசிதினையும் எடுத்து, மெதனோலில் 0.2 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டில் 37 பாகையில் ஒரு மணிநேரம் வைத்து, நடுநிலையாக்கி டிஎல்சியில் ஓட்டுங்கள். லெசிதின் புள்ளி கரைந்துபோயிருக்கும். உங்கள் சங்கிலிகள் ஈதரில் இருந்தால் புள்ளிகள் நிற்கும். லெசிதினோடு சேர்ந்து உங்களுடையதும் மறைந்தால் வளர்த்தது பற்றீரியா.

ஆர்க்கியோசோம் செய்வது இவ்வளவுக்கும் பிறகு இலகு. 10 மில்லிகிராமை உருண்டைக் குடுவையில் மென்படலமாக உலர்த்தி, குளோரோபோம் மணம் அறவே போக இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து, பிஎச் 7.4 பொசுபேற்றுத் தாங்கற்கரைசல் 1 மில்லிலீற்றரும் சில கண்ணாடிமணிகளும் போட்டுச் சுழற்றுங்கள். டைபாமிற்றோயில் இலிப்பிட்டுக்காரர் 41 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கும். பைற்றனைல் அறை வெப்பத்திலேயே இளகித்தான் இருக்கும். பிறகு 400, 200, 100 நனோமீற்றர் பொலிகாபனேற்று வடிதாள்களால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் தள்ளுங்கள், 11 தடவை வழக்கம். முடிவில் மறுபக்க ஊசிக்குழாயில் நிற்க வேண்டும் என்பதற்காக. வடிதாள் அடைபட்டால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், கிழியும். முந்திய பெரிய துளைக்குத் திரும்புங்கள். மென்படலம் குடுவையில் ஒட்டிக்கொண்டு வரமறுத்தால் அநேகமாக உப்பு எச்சம் இருக்கிறது. குளோரோபோமில் மறுபடி கரைத்துப் படிகத்தை வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சல்ஃபோலோபஸ் இலிப்பிட்டுப் புடகங்கள் ஓட்டோகிளேவைப் பலமுறை தாங்கிய பதிவு உண்டு. அதை வைத்து உப்பு ஆர்க்கியாவின் இரண்டு ஈதர்ப் புடகத்தையும் 121 பாகையில் வைக்க வேண்டாம், 0.2 மைக்ரோன் வடிதாளால் கிருமிநீக்குங்கள். விலங்கிலோ கலவளர்ப்பிலோ போடுமுன் எண்டோரொக்சின் (பற்றீரியாச் சுவரிலுள்ள நச்சு) சோதனை கட்டாயம். ஆர்க்கியாவிடம் அது இல்லை, ஆனால் பெப்ரோனிலும் நீரிலும் கண்ணாடியிலும் இருக்கும். அதைக் கவனிக்காதவர் ஆர்க்கியோசோமின் நோயெதிர்ப்பு விளைவென்று எழுதுவது வேறெதன் விளைவாகவோ இருந்துவிடும்.

செலவுக் கணக்கு பார்ப்பவருக்கு ஒன்று: இலிப்பிட்டு உலர் கலநிறையில் சில சதவீதம்தான். அதனால்தான் இலகுவில் வளரும் ஈகோலை பற்றீரியாவில் ஆர்க்கியா நொதியங்களை ஏற்றிப் பார்க்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் டிரீசன் குழு 2018இல் மென்சவ்வில் 30 சதவீதம்வரை ஆர்க்கியா இலிப்பிட்டுள்ள ஈகோலையை வளர்த்துக் காட்டியது. நாலு ஈதரை இணைக்கும் நொதியமும் இப்போது தெரியும். தொழிற்சாலை அளவு இனி அந்த வழியால் வரும் என்றே படுகிறது. ஆனால் உப்புக்குடுவை பழகாமல் அங்கே போனால், கிடைத்த புள்ளி எதுவென்று அடையாளம் காண ஒப்பிட எதுவும் கையில் இராது.

குளோரோபோம் கழிவைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஆலசன் கரைப்பான் என்று எழுதிய தனிப் போத்தலில் சேருங்கள். அசற்றோனோடு ஒரே போத்தலில் வேண்டவே வேண்டாம். இடையில் காரம் சேர்ந்தால் இரண்டும் கடுமையாகத் தாக்கமுற்றுப் போத்தல் வெடிக்கும். ஈதர்ச் சோதனையில் மிஞ்சும் மெதனோல்க் காரத்துக்கும் தனிப் போத்தல் வையுங்கள்.